கழுத்தில் எத்தனை நாள்?

டயாலிசிஸ் யூனிட்டில் காலை ஷிப்ட் ஆறரைக்கு. மெஷின்கள் ரின்ஸ் ஆகிக்கொண்டிருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கட்டில் கட்டிலாகப் போய் எல்லார் கையையும் தொட்டுவிடுவேன். எடை, பிரஷர் எல்லாம் அதற்குப் பிறகுதான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே மூன்று விரல்களை வைத்தால் தோலுக்கடியில் ஓர் அதிர்வு ஓடும். எங்கள் பேச்சில் அது த்ரில். “உள்ளுக்குள்ள பூனை உறுமுதுங் சிஸ்டர்” என்பார் ஒரு பெரியவர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் விட்டுப் போகாத ‘உஸ்ஸ்’ சத்தம் கேட்கும். ஏதாவது ஒரு காலையில் அந்த அதிர்வு இல்லாமல் கை சும்மா கிடந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். கழுத்தில் டியூப் போட்டால்தான் அவருக்கு அன்றைக்கு டயாலிசிஸ்.

ஈரோட்டுப் பக்கத்தில் ஒன்பது மெஷின் கொண்ட ஒரு யூனிட்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன். கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் இந்தக் கையைப் பற்றித்தான்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் பண்ணித் திருப்பி விட வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 250 மில்லி இழுத்தால் நான்கு மணி நேரத்தில் 60 லிட்டர் ரத்தம் டயாலைசருக்குள் போய் வருகிறது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் சொச்சம். அதே ரத்தம்தான் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுகிறது. கையில் பச்சையாகத் தெரிகிற நரம்பு, அதாவது சிரை, அவ்வளவு ரத்தம் தராது. பம்ப் இழுத்தால் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். தமனியில் வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் கிடக்கிறது, வாரத்துக்கு மூன்று தடவை ஊசி குத்தினால் தாங்காது. இந்த ஒரு சிக்கல்தான் டயாலிசிஸையே பல வருஷம் முடக்கி வைத்திருந்தது. 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் மெஷினைச் செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. கையும் காலும் தீர்ந்துபோனால் வைத்தியமும் தீர்ந்தது. 1960 மார்ச்சில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர், க்ளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷினிஸ்டின் முன்கையில் டெஃப்லான் குழாயை நிரந்தரமாகவே பொருத்தினார். அந்த மனிதர் அதற்குப் பிறகு 11 வருஷம் உயிரோடு இருந்தார். குழாய் வெளியே தொங்கியதால் அடைப்பும் சீழும் ஓயவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஜேம்ஸ் சிமினோவும் மைக்கேல் ப்ரெஸ்சியாவும் வெளிக்குழாயே வேண்டாம் என்று யோசித்தார்கள். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் பக்கவாட்டில் வைத்து, தோலுக்கடியிலேயே தைத்துவிட்டால் என்ன? தைத்தவர் கென்னத் ஆப்பெல் என்ற சர்ஜன். 1966-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. சிமினோ மாணவராக இருந்தபோது ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர் என்று பிற்பாடு படித்தேன். ஊசியும் நரம்புமாகவே நாளைக் கழித்த ஒருவருக்குத்தான் இந்த யோசனை வந்திருக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.

அந்தத் தையல்தான் ஃபிஸ்டுலா. தமனியின் வேகம் சிரைக்குள் பாய, சில வாரங்களில் சிரை தடித்து, அகன்று, ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வரும். 2006-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி இதற்கு ஆறாம் வாய்ப்பாடு மாதிரி ஒன்றைச் சொல்லியிருந்தது: 6 வாரம் கழித்துப் பார்க்க வேண்டும், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட வேண்டும், 6 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கக் கூடாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

ஃபிஸ்டுலா இல்லாதவருக்குக் கழுத்தில் டியூப். நாங்கள் லைன் என்போம், நோயாளிகள் டியூப் என்பார்கள். அவசரத்துக்குப் போடுவது டெம்பரரி. இரண்டு வாரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. நெஞ்சுத் தோலுக்கடியில் சுரங்கம் மாதிரி செலுத்திப் போடுவது பெர்ம்கேத். பெயரில்தான் ‘பெர்மனென்ட்’. எதுவானாலும் ஒரு முனை வெளியே, மறுமுனை இதயத்தின் வாசலில். வெளியிலிருக்கும் கிருமிக்கு அது நேரான பாதை. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பு தூக்கிப்போட்டு நடுங்குகிற நோயாளியை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு டியூபின் மேல் பிறகு நம்பிக்கை வராது.

எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் டியூபோடுதான் ஆரம்பித்தார்கள். மூச்சு வாங்கி, முகம் ஊதி, ராத்திரியில் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். “உப்பு ஏறிருச்சுன்னு அப்பவே சொன்னாங்க சிஸ்டர், ஒருக்கா டயாலிசிஸ் பண்ணினா அப்புறம் உடவே முடியாதுன்னு பயந்துட்டோம்” என்பார்கள். நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஒரு வருஷம் தள்ளியிருப்பார்கள். அந்த ஒரு வருஷத்தில்தான் ஃபிஸ்டுலா போட்டுப் பழுக்க விட்டிருக்க வேண்டும்.

எங்கள் நெஃப்ராலஜி டாக்டர் ஒரு நாள் நாலைந்து தாள் ஜெராக்ஸ் எடுத்து வந்தார். அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2006 வழிகாட்டியில் இலக்குகள் இருந்த பக்கங்கள் அவை. டயாலிசிஸில் இருப்பவர்களில் 65 சதவீதம் பேராவது ஃபிஸ்டுலாவில் ஓட வேண்டும். நீண்ட நாள் டியூபில் இருப்பவர்கள் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒருவருடைய ஃபிஸ்டுலா வருஷத்துக்குக் கால் தடவைக்கு மேல் அடைபடக் கூடாது, அதாவது நாலு பேர் கையை ஒரு வருஷம் பார்த்தால் ஒரு அடைப்புக்குள் நிற்க வேண்டும். அங்கே 2003 முதல் ‘ஃபிஸ்டுலா முதலில்’ என்றொரு இயக்கமே நடந்து, 66 சதவீதத்தை நாட்டுக்கே இலக்காக வைத்திருந்தார்கள். “நாமும் எண்ணிப் பார்ப்போம்” என்றார் டாக்டர். நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டினோம். ஃபிஸ்டுலா, பெர்ம்கேத், டெம்பரரி என்று மூன்று கட்டம். மாதக் கடைசியில் எண்ணி எழுதுவது என் வேலை.

எண்ண ஆரம்பித்ததில் நன்மை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அதுவரைக்கும் யார் எவ்வளவு நாளாக டியூபில் இருக்கிறார் என்றே எங்களில் யாருக்கும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. சதவீதம் மாதாமாதம் ஏறியது. பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பூக்காரப் பாட்டி. எழுபது வயதுக்கு மேல், சர்க்கரை நோய் இருபது வருஷமாக. கோயில் வாசலில் மல்லிகை கட்டி விற்பவர். பெர்ம்கேத் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது, ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்லை. மணிக்கட்டில் இரண்டு தடவை ஃபிஸ்டுலா போட்டும் சிரை எழும்பவில்லை. மூன்றாவதாக முழங்கை மடிப்பில் போடலாம் என்று பேச்சு வந்தது. அவருக்கு விருப்பமில்லை. நான்தான் இரண்டு ஷிப்டாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சம்மதிக்க வைத்தேன். டியூப் ஆபத்து, கைதான் நல்லது என்று நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பலகையில் இன்னும் ஒன்று கூடினால் 65-ஐத் தொட்டுவிடுவோம் என்பதும் அப்போது என் மனசில் இருந்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மேல்கை முழுக்க த்ரில். பம்ப் எவ்வளவு கேட்டாலும் கொடுத்தது. அந்தக் கையில் ஊசி போட ஆரம்பித்த மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ, கையை நீட்டியபடி அவர் சொன்னார்: “விரல் மரத்துப் போவுது கண்ணு. நாரு நிக்கவே மாட்டேங்குது.” நான் மேல்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ரத்தம் நல்லா ஓடுதுங்க பாட்டி, ஒண்ணும் ஆவாது” என்றேன். சார்ட்டில் ‘த்ரில் நன்று’ என்று எழுதினேன். விரலை நான் தொடவில்லை.

ரத்தம் நன்றாக ஓடியதுதான் கோளாறு. முழங்கையில் பெரிய தமனியிலிருந்து வழி திறந்து விட்டால், கீழே விரல்களுக்குப் போக வேண்டியது அந்தச் சுலபமான வழியில் திரும்பிப் போய்விடும். சர்க்கரையால் ஏற்கெனவே குறுகிப்போன கைத் தமனிகளுக்கு எதிர்த்து நிற்கத் தெம்பிருக்காது. விரல் சில்லிடும், மரக்கும், டயாலிசிஸ் ஓடும்போது வலி கூடும். ஸ்டீல் என்று அதற்குப் பெயர், திருட்டு என்று அர்த்தம். அடுத்த பத்து நாளில் மோதிர விரல் நுனி கறுத்தது. சர்ஜன் அந்த ஃபிஸ்டுலாவைக் கட்டி மூடினார். கை பிழைத்தது, விரல் நுனி போய்விட்டது. பாட்டி திரும்பவும் பெர்ம்கேத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். அந்த ஒன்றரை வருஷமும் அந்த டியூபில் ஒரு சொட்டுச் சீழ் வரவில்லை. பூ கட்டுவது மட்டும் நின்றுபோனது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வரும்போதெல்லாம் மருமகள் கட்டிய பூவில் ஒரு முழம் கொண்டு வருவார். சரம் நெருக்கமில்லாமல் இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் குறை.

அந்த வருஷமே இன்னொன்றும் நடந்தது. ஒரு மாதக் கடைசியில் எங்களிடம் 40 பேர். 26 பேருக்கு ஃபிஸ்டுலா. சரியாக 65 சதவீதம். எழுதி இரண்டு நாள்கூட ஆகவில்லை, டியூபில் இருந்த ஒரு டெய்லர் ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோனார். முப்பத்தெட்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள். அடுத்த தடவை நான் கணக்குப் போட்டபோது 39-இல் 26. அறுபத்தாறரைக்கு மேல். பலகையில் எண் ஏறியிருந்தது. மார்க்கர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதை எழுத முடியாமல் நின்றேன். ஃபிஸ்டுலா கிடைக்காமல் ஒருவர் செத்ததால் எங்கள் ஃபிஸ்டுலா விகிதம் உயர்ந்திருக்கிறது. எந்த இலக்கை எட்டியதாக நாங்கள் அந்த மாதம் சொல்லிக்கொள்வது?

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரிங்க சிஸ்டர், வேற எதை எண்ணலாம்? நீங்களே சொல்லுங்க” என்றார்.

மளிகைக் கடையில் வாங்கிய ஒரு நீள நோட்டில் ஆரம்பித்தோம். சதவீதம் கிடையாது, ஆளுக்கு ஒரு பக்கம். டியூப் போட்ட தேதி. அன்றைக்கே அதற்குப் பக்கத்தில், இதை எப்போது எடுக்கப் போகிறோம், அதற்குள் என்னென்ன நடக்க வேண்டும். ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் கழுத்தில் எத்தனையாவது நாள் என்று எழுதுவோம். நாற்பது, நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு. எண் ஏறுவதை நோயாளியும் பார்ப்பார். “இன்னிக்கு எத்தனையாவது நாளுங் சிஸ்டர்?” என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

கை பழுக்கத்தான் நாள் ஆகிறது என்று அதுவரை நினைத்திருந்தோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது நாள் போனது வேறு இடங்களில். டாப்ளர் ஸ்கேனுக்குத் தேதி வாங்க ஒரு பத்து நாள். ஸ்கேன் எடுத்த ரிப்போர்ட் சர்ஜனிடம் போய்ச் சேர இன்னொரு வாரம், ஏனென்றால் அவர் கோயம்புத்தூரிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார், அன்றைக்கு நோயாளிக்கு டயாலிசிஸ் நாளாக இருக்காது. மகன் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். காப்பீட்டு அட்டையில் பெயர் தப்பு. இப்படியே தைப்பதற்கு முன்னாலேயே இரண்டு மாதம் கரைந்திருந்தது. வைத்தியத்தில் ஒரு புது விஷயமும் நாங்கள் செய்யவில்லை. முதல் அட்மிஷனில், மூச்சு வாங்குவது அடங்கிய மறுநாளே, வீட்டுக்கு அனுப்பும் முன் இரண்டு கைக்கும் டாப்ளர் எடுத்தோம். சர்ஜன் வரும் நாளுக்கு டயாலிசிஸ் நாளை மாற்றினோம். கழுத்தில் கழியும் நாட்களில் பெரும்பகுதி அதிலேயே குறைந்தது.

தொற்றுக் கணக்கையும் சொல்ல வேண்டும். உலகமெங்கும் இதை ஆயிரம் டியூப் நாளுக்கு இத்தனை என்றுதான் சொல்கிறார்கள். பத்துப் பேர் கழுத்தில் ஒரு மாதம் டியூப் இருந்தால் 300 நாள். இதற்குச் சொல்லப்படும் எல்லை ஆயிரத்துக்கு 1.5-க்குக் கீழே. கேட்க நல்ல இலக்குதான். பத்துப் பேர் வருஷம் முழுக்க டியூபில் இருந்தால் 3,650 நாள். ஐந்து பேருக்கு ரத்தத்தில் கிருமி வந்தாலும் இலக்குக்குள் இருக்கிறோம் என்று அந்தக் கணக்கு சொல்லும். அந்த ஐந்தில் ஒருவர்தான் எங்கள் டெய்லர்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பத்துப் பேரில் ஆறு பேருக்கு நல்ல கை கிடைத்து டியூபை எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் நாலு பேர் வேறு வழியே இல்லாதவர்கள்: வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், சிரை தீர்ந்துபோனவர்கள். அவர்களில் மூன்று பேருக்கு அந்த வருஷம் தொற்று வந்தால் ஆயிரத்துக்கு 2 என்று ஆகிவிடும். முன்பு ஐந்து பேர் நடுங்கினார்கள், இப்போது மூன்று பேர். விகிதத்தைப் பார்த்தால் நாங்கள் கெட்டுப்போயிருக்கிறோம். அதனால் விகிதத்தை நாங்கள் தனியாக எழுதுவதில்லை. பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும், அந்த ஆட்களின் பெயரும் இருக்க வேண்டும். சின்ன யூனிட்டில் ஒரு மாதக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எண் வானத்துக்குப் போகும், அடுத்த மாதம் பூஜ்யம். வருஷக் கணக்குதான் பேசும். ஆனால் ஒவ்வொரு தொற்றுக்கும் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும்: மூடி திறந்தது யார், இரண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்தார்களா, டியூபின் வாயான ஹப்பைப் பதினைந்து விநாடி தேய்த்தோமா, காயும் வரை பொறுத்தோமா. அவசரமான மதிய ஷிப்டில்தான் அந்தப் பதினைந்து விநாடி காணாமல் போகும்.

கையில் ஊசி போடும் வேலைக்கு வருகிறேன். புது ஃபிஸ்டுலாவில் முதல் ஊசியை யார் வேண்டுமானாலும் போடலாம் என்றுதான் முன்பு இருந்தது. டியூட்டியில் இருப்பவர் போடுவார். பழுத்தும் பழுக்காத சிரையில் ஊசி மறுபக்கம் துளைத்துவிட்டால் ரத்தம் தோலுக்கடியில் கசிந்து, கை முழங்கை வரை ஊதி, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். திரும்ப இரண்டு மூன்று வாரம் அந்தக் கையைத் தொட முடியாது. கழுத்து டியூபுக்கு அத்தனை நாள் கூடுதல். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த கையை ஒரு நிமிஷத்தில் பாழாக்குவதை நான் பார்த்திருக்கிறேன், நானே செய்தும் இருக்கிறேன். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். முதல் ஆறு தடவை நானும் இன்னொரு டெக்னீஷியன் தம்பியும் மட்டும்தான். மெல்லிய 17 கேஜ் ஊசி. பம்ப் 200-க்கு மேல் போகாது. ஊதிய கைகளை நோட்டில் சிவப்பு மையில் எழுதுவோம், யார் குத்தியது என்று எழுத மாட்டோம். பெயர் எழுதினால் அடுத்த தடவை மறைப்பார்கள்.

ஒரே இடத்தில் குத்துவது இன்னொரு வியாதி. நோயாளிகளுக்கு அதுதான் பிடிக்கும். குத்திக் குத்தி மரத்த இடத்தில் வலிக்காது. “எப்பவும் போடற எடத்துலயே போட்டுருங் சிஸ்டர்” என்பார்கள். ஆனால் அந்த இடத்தில் சுவர் நைந்து, பலூன் மாதிரி புடைத்து, மேல்தோல் கண்ணாடி போல மினுங்க ஆரம்பித்தால், அது வீட்டில் ஒரு ராத்திரி வெடிக்கலாம். ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். புடைப்பு உள்ள ஒவ்வொருவர் வீட்டிலும் மனைவியையோ மகளையோ கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுவேன்: ரத்தம் பீய்ச்சினால் துண்டைச் சுற்றாதீர்கள், துண்டு குடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டையின் மேல் விரலை அழுத்தி வையுங்கள், கையைத் தூக்கிப் பிடியுங்கள், விரலை எடுக்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். என் கையில் அவர்கள் விரலை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்வேன். எவ்வளவு அழுத்தம் என்பது வாயால் சொன்னால் புரியாது.

பூக்காரப் பாட்டிக்குப் பிறகு கட்டில் கட்டிலாகத் தொடும்போது என் கை ஃபிஸ்டுலாவோடு நிற்பதில்லை. விரல் நுனி வரைக்கும் போகும். இரண்டு கை விரலையும் சேர்த்துப் பிடித்தால் சூடு வித்தியாசம் தெரியும். “விரல் எப்படி இருக்குதுங்க? சட்டைப் பொத்தான் போட முடியுதுங்களா?” இந்தக் கேள்வியும் நோட்டில் ஒரு கட்டம். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வேன். சிரை தொங்கி வற்றிப்போனால் நல்லது. அப்படியே புடைத்து நின்றால் மேலே எங்கேயோ வழி குறுகியிருக்கிறது. ஊசி எடுத்த பிறகு வழக்கத்தைவிட அதிக நேரம் ரத்தம் நிற்காமல் இருப்பது, மெஷினில் வீனஸ் பிரஷர் வாரா வாரம் ஏறுவது, த்ரில் போய் வெறும் துடிப்பாக மாறுவது, இவை எல்லாமே அடைப்பதற்கு முன்னால் கை கொடுக்கும் எச்சரிக்கை. அடைபட்டவை பலவற்றில், முந்தைய இரண்டு மூன்று ஷிப்டுகளின் சார்ட்டிலேயே அது எழுதியிருந்ததைப் பிறகு தேடிக் கண்டுபிடித்தோம். சேர்த்துப் படிக்க யாருமில்லை, அவ்வளவுதான்.

2019-க்கான புதிய வழிகாட்டி 2020-இல் வெளிவந்தபோது அதே அறக்கட்டளையே பழைய சதவீத ஓட்டத்தைக் கைவிட்டிருந்தது. எல்லாருக்கும் ஃபிஸ்டுலா என்பதற்குப் பதில், ஒவ்வொருவருக்கும் அவர் வாழப்போகும் காலத்தை யோசித்து, இப்போது எந்த வழி, அது போனால் அடுத்தது எது என்று வாழ்க்கைத் திட்டமாக எழுதச் சொன்னார்கள். சிலருக்கு டியூபே சரியான தேர்வாக இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் யூனிட்டுக்கு வெளியே, வார்டில், இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். கிரியாட்டினின் நாலு, ஐந்து என்று படுத்திருப்பவரின் இடது மணிக்கட்டுச் சிரையில், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதற்காகவே, மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசியைக் குத்தி வைத்திருப்பார்கள். ஒரு வருஷம் கழித்து ஃபிஸ்டுலா தைக்க வேண்டிய சிரை அதுதான். மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஏறியதும் அது கயிறு மாதிரி இறுகிவிடும். புறங்கையில் போடுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் நானே ரவுண்ட்ஸ் போய் அந்தக் கையில் மார்க்கரால் ‘ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது’ என்று எழுத ஆரம்பித்தேன். குளித்தால் அழிந்துவிடும். மறுநாள் திரும்ப எழுதுவேன். டயாலிசிஸுக்கு இலக்கு வைப்பவர்கள் இந்த வார்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்களிடம் வந்து சேரும்போது கையின் கதை பாதி முடிந்திருக்கிறது.

பவானியிலிருந்து ஒரு ஜமக்காள நெசவாளர் வந்தார். வைகாசியில் அட்மிட் ஆனார், கழுத்தில் டெம்பரரி, பத்து நாளில் பெர்ம்கேத். தறியில் இரண்டு கையும்தான் வேலை, எந்தக் கையைக் கேட்கிறீர்கள் என்றார். பிறகு அவரே யோசித்து இடது கையைக் கொடுத்தார். அடுத்த கேள்விதான் எனக்கு எதிர்பாராதது.

“ஏனுங் சிஸ்டர், ஆடி பதினெட்டுக்குக் கூடுதுறையில முங்கலாமுங்களா?”

“கழுத்துல டியூப் இருக்கறப்ப முடியாதுங்கண்ணா. தலைக்கே ஊத்தக் கூடாது.”

“பொறந்ததுலேருந்து ஒரு வருசம் உட்டதில்லீங்க.”

நோட்டில் அவர் பக்கத்தில் இலக்குத் தேதி என்ற கட்டத்தில் ‘ஆடி 18’ என்று எழுதினேன். பின்னோக்கி எண்ணினால் ஒரு வாரம்கூட வீணாகாமல் தைத்தாக வேண்டும். டாப்ளர் அதே வாரத்தில் எடுத்தோம். ஆனால் சர்ஜன் வர வேண்டிய நாளில் இவருக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் பிரஷர் இறங்கியிருந்தது. ஆனி கடைசியில்தான் ஆபரேஷன். ஆடிப்பெருக்கன்று அவர் கூடுதுறைப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாராம். மேட்டூர்த் தண்ணீர் கரை தொட்டு ஓடியது என்று அடுத்த ஷிப்டில் சொன்னார். கை பழுப்பதற்காகப் பந்தை அழுத்தும் பயிற்சியை அவரைப் போல விடாமல் செய்தவர் எங்களிடம் யாருமில்லை. டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் போகும்போதும் செய்வார் என்று அவர் மனைவி சொன்னார்.

ஆவணியில் முதல் ஊசி. நானே போட்டேன். 17 கேஜ், 200. கை ஊதவில்லை. மூன்று வாரம் இரண்டு ஊசியிலும் தடையில்லாமல் ஓடியதும் பெர்ம்கேத்தை எடுத்தார்கள். நோட்டில் நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்த எண்ணுக்குக் கீழே கோடு போட்டேன்.

புரட்டாசி மஹாளய அமாவாசையன்று அவருக்கு மதிய ஷிப்ட். கூடுதுறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். கழுத்தில் டியூப் இருந்த இடத்தில் சின்னத் தழும்பு. தலைமுடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டி சட்டைக் காலர் நனைந்திருந்தது. துண்டு எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு இடது கையை நீட்டினார். முதலில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். வந்ததும் த்ரில் பார்த்தேன், பிறகு ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஆற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி கொஞ்சம் இருந்தது. வலது கையிலும் அதே அளவு இருந்தது.